பாறை ஹோட்டல் பரங்கிக்காய்

இல்ல சம்பந்தி, இல்லவே இல்ல! அந்தப் பாறை ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பரிஞ்சு பேசறீங்க பாருங்க, அதை மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். நீங்க பெரிய மனுஷன். வீடு தேடி வந்திருக்கீங்க. வந்த இடத்துல குறை சொல்லக் கூடாதுன்னு, "அன்னிக்கு சாப்பாடு நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்றீங்க. சொல்லுங்க, வேண்டாங்கல. ஆனா யாருக்கு காது குத்துறீங்க? என் வயசென்ன! வேகவெச்ச பரங்கிக்காய் சம்பந்தி. உப்பு இல்ல, உறைப்பு இல்ல, வெறும் பரங்கிக்காய். அதையே மறுபடி மறுபடி வேற வேற தட்டுல வெச்சுக் கொண்டாந்தான். அது நல்லா இருந்துச்சா?

உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி சோபாவுல... ஆங். பால்கனி கண்ணாடியைப் பாக்காதீங்க, நேத்துதான் துடைச்சேன், அதுக்குள்ள காத்துல உப்பு படிஞ்சிருச்சு. இங்க வீடு வாங்கினா உக்காந்த இடத்துலேர்ந்தே கடல் தெரியும்னு மகன் சொன்னான். எனக்குத் தெரியறதெல்லாம் கண்ணாடி மேல இருக்கிற உப்புதான்.

சம்பந்தின்னு வாய் நிறைய கூப்பிடறேனே, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் எதுவும் முடிவாகல, தெரியும். என் பேத்தியும் உங்க பையனும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுப்போயி, ரெண்டு வீடும் முதமுதலா பாத்துப் பேசிக்கட்டும்னு ஒரு சாப்பாட்டுக்கு உக்காந்தோம். உக்காந்தோம், எழுந்தோம். அதோட சரி. அன்னிலேர்ந்து உங்க வீட்டுலேர்ந்து ஒரு போன் இல்ல. ஒரு "பத்திரமா வந்து சேந்தோம்" கூட இல்ல. அதோ அந்தக் கதவு சாத்தியிருக்கு பாருங்க, பேத்தி உள்ளதான் இருக்கா. ஆபீசுக்கு லீவு போட்டுட்டுப் படுத்திருக்கா. நாம பேசறது கேக்காது, காதுல பாட்டை மாட்டிக்கிட்டுதான் அழறா. இந்தக் காலத்துல அழறதுக்கும் பின்னணி இசை வேணும்! உங்க பையனைக் கேட்டாளாம். "அம்மா ஏதோ யோசனையிலேயே இருக்காங்க, கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க"ன்னானாம். உங்க வீட்டம்மா டாக்டர். டாக்டர் எதையோ பாத்துட்டு, ஒண்ணுமே சொல்லாம யோசிச்சா, எதிர்ல இருக்கறவங்க உயில் எழுத பேப்பர் தேடுவாங்களா மாட்டாங்களா? நீங்களே சொல்லுங்க.

நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, அன்னிக்கே பாத்தேன். கடிகாரக் கடை வெச்சிருக்கீங்க, கடிகாரம்லாம் பேசறதுனால நீங்க பேசறதில்லையோ என்னமோ. பரவால்ல. நான் பேசறேன், நீங்க கேளுங்க. மருமக உள்ள அடுப்படியில இருக்கா, மேல புகை போக்கற காத்தாடி ஓடுது, அவளுக்கும் ஒண்ணும் விழாது. மகன் வேலைக்குப் போயிட்டான். எல்லாம் வசதியா அமைஞ்சிருக்கு.

முதல்லேர்ந்து சொல்றேன். இந்த ஊர்ல வீடு கிடைக்கும், வேலை கிடைக்கும், தேடினா நல்ல மாப்பிள்ளை கூட கிடைப்பான், உங்க பையனைத்தான் சொல்றேன். ஆனா பாறை ஹோட்டல்ல ஜன்னலோர டேபிள்? ம்ஹூம். உங்க கடையே அந்தப் பாறைக்குக் கீழதானே இருக்கு, உங்களுக்குத் தெரியாததா.

எங்க வீட்டுல டேபிள் புக் பண்ற இலாகா என்னோடது. ஏன்னு கேளுங்க. மகன் கம்ப்யூட்டர்ல பண்ணுவான். அது சுத்தும், சுத்தும், கடைசியில மன்னிக்கவும்னு வரும். மருமக மெயில் அனுப்புவா. யாரோட பொறந்தநாளுக்குக் கேட்டாளோ, பதில் வர்றதுக்குள்ள அவங்களுக்கு அடுத்த பொறந்தநாளே வந்துரும். நான் ஒருத்திதான் போன் போடுவேன். மனுஷன் மனுஷன்கிட்ட பேசினாதானே காரியம் நடக்கும்?

எங்க போறதுன்னே முதல்ல பெரிய ரகளை. துறைமுகத்துப் பக்கம் பெரிய ஹோட்டல் ஒண்ணு இருக்கே, அங்க போலாங்கறான் மகன். நான் ஒரேயடியா முடியாதுன்னுட்டேன். அங்க கோட்டு போடாம போனா உள்ள விட மாட்டான் சம்பந்தி! ஒருநாள் இவன் வெறும் சட்டையோட போயி நிக்கறான். வாசல்ல இருந்தவன் உள்ள போயி ஹோட்டல் கோட்டு ஒண்ணைக் கொண்டாந்து மாட்டிவிட்டான். யாரோட அளவோ! கை விரலைத் தாண்டித் தொங்குது. அதைப் போட்டுக்கிட்டு சூப் குடிச்சான் பாருங்க... பாதியைக் கோட்டுக் கைதான் குடிச்சுது.

மருமக தோட்டத்து ஹோட்டல்னா. மரத்துக்கு மரம் விளக்கு, பாக்க அழகுதான், இல்லேங்கல. ஆனா அது நாற்காலியா? தரையோட தரையா பள்ளம்! என் தங்கச்சி அதுல உக்காந்தவ எழுந்திருக்க முடியாம, ரெண்டு சர்வர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடிச்சுத் தூக்கினாங்க. தூக்கி நிறுத்தினதும் பக்கத்து டேபிள்ல கைதட்டினான் சம்பந்தி, கைதட்டினான்! அவ இன்னும் அந்தத் தெரு வழியாவே போறதில்ல. அப்புறம் பேத்தி, பியானோ வாசிக்கிற இடம் ஒண்ணு சொன்னா. அதுவும் எனக்கு ஆகாது. அந்தச் சத்தத்துல நான் என் நாத்தனார் தலைக்குச் சாயம் அடிக்கிற கதையைக் கத்திக் கத்திச் சொல்லிட்டிருந்தேன். அந்த நேரம் பாத்து அவன் பியானோவை நிறுத்தித் தொலைச்சான். ஹால் பூரா கேட்டுச்சு. நாத்தனார் எதிர்லயேதான் உக்காந்திருந்தா...

எங்க விட்டேன்? ஆங், பாறை ஹோட்டல்.

அங்க மாசம் பொறந்த அன்னிக்குக் காலையில போனைத் திறப்பாங்க. ஊர்ல இருக்கற அத்தனை பேரும் ஒரே நேரத்துல அடிப்பாங்க. நான் அன்னிக்குப் பல்லு கூட விளக்கல. அடிக்கிறேன், அடிக்கிறேன், விரல் தேய அடிக்கிறேன். ஒருவழியா ஒரு பொண்ணு எடுத்துச்சு. "எல்லா டேபிளும் முடிஞ்சுபோச்சு மேடம்"னு மூக்கால சொல்லுது. வேற யாரா இருந்தாலும் என்ன பண்ணியிருப்பாங்க? சண்டை போட்டிருப்பாங்க. நான் டேபிளை விட்டுட்டேன். "ஏம்மா, ஜலதோஷமா?"ன்னேன். அவ்வளவுதான்! அந்தப் பொண்ணு கொட்டித் தீத்துடுச்சு. தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்காளாம், அந்த ரூம் ஜன்னல் சரியா சாத்தாதாம், கடல் காத்து நேரா நெஞ்சுலதான் அடிக்குதாம். மறுநாள் போட்டேன், "ஆவி பிடிச்சியா?" அதுக்கு மறுநாள், "தொண்டை இப்ப எப்படி?" டேபிள்ங்கற வார்த்தையையே நான் எடுக்கல சம்பந்தி. ஒருநாள் அவளே கூப்பிடறா. "அம்மா, ஒருத்தங்க வரலைன்னுட்டாங்க. ஜன்னலோரம். உங்க ரெண்டு குடும்பத்துக்கும் சரியா இருக்கும்"னு. பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் வித்தை. அன்னிக்கு இந்த வீட்டுல என் மதிப்பு எங்கேயோ போயிடுச்சு. மகனே வந்து காபி போட்டுக் குடுத்தான்.

அப்பேர்ப்பட்ட மதிப்பு, ஒரு பரங்கிக்காய்ல போச்சு.

அன்னிக்கு நாங்க எப்படி வந்தோம்னு நினைக்கிறீங்க? மருமக காலையிலேர்ந்து பட்டினி, ராத்திரி நல்லா சாப்பிடணும்னு. மகன் பெல்ட்டை முன்னாடியே ஒரு ஓட்டை தளத்திட்டு வந்தான். அங்க நாம இது வேணும் அது வேணும்னு கேக்கறதெல்லாம் கிடையாது, சமையல்காரர் இஷ்டம்தான். ஒரு டேபிளுக்கு ஒரே சமையல், அத்தனை பேருக்கும் அதேதான். அது அவங்க வழக்கம். அதையும் அந்தப் பொண்ணு எனக்கு முன்னாடியே சொல்லிச்சு, சொல்லலைன்னு சொல்ல மாட்டேன்.

வெள்ளி மூடி போட்ட தட்டு வந்துச்சு. கையுறை மாட்டின சர்வருங்க ஆளுக்குப் பின்னாடி ஒருத்தரா நின்னு, ஒரே நேரத்துல மூடியைத் தூக்கினாங்க. நாம எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாக்கறோம். தட்டா அது? கைக்குழந்தையை உக்காரவெச்சுக் குளிப்பாட்டலாம்! அவ்வளவு பெரிய தட்டுல, நடுவுல, தாயக்கட்டை சைசுக்கு ஒரு மஞ்சத் துண்டு. எனக்கு அப்பவே திக்னுச்சு. சரி, இது ஆரம்பம், பின்னாடி வரும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அந்தப் பெரிய சர்வர், கழுத்துல டை கட்டினவர், கையைக் கட்டிக்கிட்டு வந்து நின்னு, "இது பரங்கிக்காய். தன் மௌனத்திலேயே வெந்தது"ங்கறார். மௌனத்துல வெந்துதாம்! அதைக் கேட்டு நாம அத்தனை பேரும் மௌனத்துல வெந்தோம்.

அடுத்த தட்டு. அதே பரங்கிக்காயை மசிச்சு, கரண்டியால ஒரு இழுப்பு. செவுத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. அதுக்கடுத்து கண்ணாடிக் கிண்ணத்துல மஞ்சத் தண்ணி. "இது பரங்கிக்காயின் நினைவு"ங்கறார். ஏன்யா, மறந்தாத்தானே நினைக்கணும்? இன்னும் நாக்குலயே ஒட்டிக்கிட்டு இருக்கு! பக்கத்து டேபிள்ல என்னடான்னா முழு மீனு, வெண்ணெய்ல சொய்ங்னு கத்துது. அந்த வாசனை வந்து என் மடியிலயே உக்காந்துச்சு சம்பந்தி. திரும்பிப் பாக்கக் கூடாது, மரியாதை இல்ல. நான் கடலைப் பாத்தேன். இருட்டுல கடல்ல என்ன தெரியும்? ஜன்னல் கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரிஞ்சுது, பாவமா.

உங்க வீட்டம்மாவைப் பாத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கிறாங்க. கோவத்தை அடக்கறாங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. கிளம்பறப்போ என் கையைப் பிடிச்சாங்க, ஏதோ சொல்ல வந்தாங்க, சொல்லாம போயிட்டாங்க. அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. என்ன நினைச்சிருப்பாங்க? "பொண்ணு வீட்டுக்காரங்க சரியான கஞ்சப்பிசினாறிங்க, இருக்கறதுலயே மலிவானதைக் கேட்டு வாங்கிப் போட்டிருக்காங்க"ன்னுதானே? இல்லையா? இல்லேன்னுதான் சொல்வீங்க. நீங்க நல்லவரு.

வீட்டுக்கு வந்ததும் மருமக செருப்பைக் கூட கழட்டல, நின்னமேனிக்கே பிரெட்டை எடுத்துத் தின்னா. மகன் குதிக்கிறான். "அந்த ஹோட்டலை சும்மா விடமாட்டேன், ஊர் பூரா சொல்லி நாறடிக்கிறேன்"ங்கறான். நானும் அவனோட சேந்துக்கிட்டுத் திட்டினேன். நல்லாவே திட்டினேன். "அந்தச் சமையல்காரனுக்குக் கை விளங்குமா"ன்னு கேட்டேன். மறுநாள் அந்தப் போன் பொண்ணையே கூப்பிட்டுக் கேட்டுடலாம்னு நம்பரைப் போட்டேன். "ஏண்டி பொண்ணே, உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? இப்படிப் பண்ணிட்டீங்களே"ன்னேன். அது என்ன சொல்லிச்சு தெரியுமா?

...

இருங்க. குரலைத் தாழ்த்திக்கறேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. இது இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது.

"அம்மா, நீங்க சொன்னபடியேதானே செஞ்சோம்"னுச்சு.

டேபிள் குடுத்த அன்னிக்கு, போனை வைக்கப்போற நேரத்துல அது ஒண்ணு கேட்டுச்சு. "வர்றவங்கள்ல யாருக்காவது ஏதாவது ஒத்துக்காதா அம்மா? எதெது சேராதுன்னு சொன்னீங்கன்னா, சமையல்காரர் அதையெல்லாம் ஒதுக்கிடுவார்"னு. சம்பந்தி, நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். கல்யாணம் ஆகி இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளா, யாருக்கு எது சேரும் எது சேராதுன்னு கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கறவ நான். பாத்து என்ன? வாயைத் திறந்தா, "பாட்டி ஆரம்பிச்சாச்சு"ங்கறாங்க. "அம்மா, சும்மா இரேன்"ங்கறான். ஒருத்தர், ஒரே ஒருத்தர், "நீங்க சொல்லுங்க, நாங்க கேட்டுக்கறோம்"னு கேட்டதில்ல. இந்தப் பொண்ணு கேக்குது! கேட்டதோட இல்லாம, சொல்லச் சொல்ல டக்கு டக்குனு தட்டி ஏத்திக்குது.

சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

மகனுக்கு உப்பு ஆகாதுன்னேன். ஆகாதுன்னு எந்த டாக்டரும் சொல்லல. அவங்க அப்பாவுக்கு ஆகாம இருந்துச்சு, இவனுக்கும் அதே முகஜாடை, அதனால சொன்னேன். மருமகளுக்கு எண்ணெய்ல பொரிச்சது வேண்டாம், அவதான் இளைக்கணும் இளைக்கணும்னு கண்ணாடி முன்னாடி நிக்கறா. பேத்திக்குப் புளிப்பு பட்டா பல்லு கூசும். அப்புறம் அவ சின்னதா இருக்கறப்போ ஒரு தடவை மீன் சாப்பிட்டுட்டு பஸ்ஸுல முன்சீட்டுக்காரர் தொப்பியில வாந்தி எடுத்துட்டா. எப்பேர்ப்பட்ட மனுஷன் தெரியுமா அவரு, ஒரு வார்த்தை சொல்லல, தொப்பியைக் கழட்டி ஜன்னலுக்கு வெளியில கவுத்துட்டு மறுபடியும் மாட்டிக்கிட்டார்... சரி விடுங்க. அதனால மீன், எறா, நண்டு, கடல்லேர்ந்து வர்ற எதுவும் வேண்டாம்னேன். எனக்குக் கடிக்க முடியாது, கெட்டியா எதுவும் கூடாதுன்னேன். பூண்டு, வெங்காயம் வேண்டாம்னேன், முதமுதலா பேசப்போறோம், வாய் நாறக்கூடாது பாருங்க. எல்லாம் நல்ல எண்ணத்துலதான்!

"மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்?"னுச்சு. எனக்கு என்ன தெரியும்? உங்களை போட்டோவுலதான் பாத்திருந்தேன். ஒல்லியா இருந்தீங்க. ஒல்லியா இருந்தா வயிறு மந்தமா இருக்கும்னு பால், வெண்ணெய், முட்டை எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டேன். உங்க பையன் வண்டி ஓட்டணுமே, மாவு ஐட்டம் சாப்பிட்டா தூக்கம் வரும்னு அதையும். கறி உங்க வீட்டுல சாப்பிடுவீங்களோ மாட்டீங்களோன்னு அதையும். உறைப்பு பொதுவாவே வேண்டாம்னுட்டேன். காய்லயும் கிழங்கு வாயு, கத்திரிக்காய் அரிப்பு, கீரை ராத்திரி ஆகாதுன்னு ஒண்ணொண்ணா அடிச்சுட்டேன்.

தனித்தனியா அவங்கவங்க தட்டுல பாத்துப் பண்ணுவாங்கன்னு நினைச்சேன் சம்பந்தி! டேபிளுக்கு ஒரே சமையல்னு அது சொன்னது என் காதுல விழுந்துச்சு, புத்தியில விழல. எல்லாத்தையும் ஒண்ணா சேத்துக் கழிச்சா என்ன மிஞ்சும்? அந்தச் சமையல்காரர் அடுப்படியில தலையில கையை வெச்சு உக்காந்துட்டாராம். அவர் அந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து இப்படி ஒரு டேபிள் பாத்ததில்லையாம். ஒவ்வொரு காயா எடுத்து, அது ஆகாது, இது ஆகாதுன்னு தள்ளி, கடைசியில அவரையும் பரங்கிக்காயையும் தவிர மேஜை மேல எதுவும் இல்லையாம். அதை வெச்சே இத்தனை தட்டு பண்ணிட்டோமேன்னு அவருக்கு ஒரே பெருமையாம். "ரொம்ப நன்றின்னு சொல்லச் சொன்னார் அம்மா"னுச்சு அந்தப் பொண்ணு. நான் "உன் ஜலதோஷம் எப்படி இருக்கு"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டேன்.

இதுதான் நடந்துச்சு. தப்பு என்னோடது. மகன் இன்னும் அந்த ஹோட்டலைத் திட்டிக்கிட்டிருக்கான், நான் பக்கத்துல உக்காந்து தலையாட்டிக்கிட்டிருக்கேன். அவனுக்குத் தெரிஞ்சா என்னைத் திட்டட்டும், பெத்தவளைத் திட்டாம யாரைத் திட்டப்போறான். ஆனா என் பேத்தி, அதோ அந்தக் கதவுக்குப் பின்னாடி, அவ ஒரு பாவமும் அறியாதவ சம்பந்தி. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் ஒரு வியாதியும் கிடையாது. நாங்க கஞ்சமும் கிடையாது. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னதுக்காக அவங்க ரெண்டு பேரையும் பிரிச்சுடாதீங்க. உங்க வீட்டம்மாகிட்ட வேணும்னா நானே வந்து சொல்றேன். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். எனக்கென்ன கௌரவம் இதுல?

என்ன? சும்மா சொல்லுங்க.

... மறுபடி சொல்லுங்க?

பிடிச்சிருந்துச்சா? யாருக்கு, உங்க வீட்டம்மாவுக்கா? அந்தப் பரங்கிக்காயா?!

கண்ணை மூடினது அதுக்கா? ரசிச்சுத்தானா?! அடக் கடவுளே... "உப்பு போடாம, எண்ணெய் காட்டாம சமைக்கத் தெரிஞ்ச ஒரு இடம் இந்த உலகத்துல இருக்கே"ன்னாங்களா? அப்புறம் ஏன் சம்பந்தி போன் பண்ணல? இங்க நாங்க செத்துப் பொழைச்சுக்கிட்டிருக்கோம்!

ம்... ம்... திரும்ப எங்களுக்கு விருந்து வைக்கணும்னாங்களா. அதே ஹோட்டல்லதான் வைக்கணும்னாங்களா. டேபிள் கையில கிடைச்சப்புறம்தான் எங்களைக் கூப்பிடணும்னு அவங்களுக்கு ஒரு ரோஷம். கிடைக்கல. இத்தனை நாளும் கிடைக்கல. ஆஸ்பத்திரியில ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவுல போன் அடிச்சுக்கிட்டே இருந்தாங்களா? அதைத்தான் உங்க பையன் யோசனைன்னு... அட லூசுப் பயலே! மன்னிச்சுக்கோங்க, மாப்பிள்ளையை அப்படிச் சொல்லக் கூடாது. இப்ப எங்க அவங்க? கீழயா? கார்லயா?! இவ்வளவு நேரமா! அங்க உக்காந்தும் அடிச்சுக்கிட்டுதான் இருக்காங்களா? டேபிள் வாங்கற வழியைக் கேட்டுட்டு வாங்கன்னு உங்களை மேல அனுப்பிச்சாங்களா?

அப்ப நீங்க அதைக் கேக்கத்தான் வந்தீங்க. அந்தச் சாப்பாடு எப்படி வந்துச்சுன்னு உங்க வீட்டுல யாரும் யோசிக்கக்கூட இல்ல. நானா வலிய வந்து, கிட்ட உக்காரவெச்சு, குரலைத் தாழ்த்தி... ஐயோ, என் வாயை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்!

சிரிக்காதீங்க. இல்ல, சிரிங்க. நீங்க சிரிச்சு இப்பதான் பாக்கறேன்.

ஏன் சட்டுனு நிறுத்திட்டீங்க? என்ன அது, ஒரு கண்ணு அடுப்படிப் பக்கமே போகுது? ... மீனுதான். மருமக வறுக்கறா. காத்தாடி போட்டும் வாசனை வருதா? சம்பந்தி, உண்மையைச் சொல்லுங்க, அன்னிக்கு உங்களுக்கு அந்தப் பரங்கிக்காய் பிடிச்சிருந்துச்சா?

...அதானே! நான் முதல்லயே சொன்னேன்ல? வீட்டுலயும் தினமும் அதே மாதிரிதானா? உங்களுக்கு பிரஷரா? இல்லையா. சர்க்கரை? அதுவும் இல்லையா? பின்னே எதுக்கு உப்பில்லாம? ... வராம இருக்கறதுக்கா! வருஷக்கணக்கா, வராத வியாதிக்குப் பத்தியம்! ஐயோ பாவம். கடையைத் திறந்துவெச்சா மேல பாறையிலேர்ந்து அந்த வெண்ணெய் வாசனை இறங்கி வருமே, அதை மோந்துக்கிட்டுத்தான் கடிகாரத்துக்குச் சாவி குடுத்துக்கிட்டிருந்தீங்களா? எங்க வீட்டு விருந்துன்னதும் ஒரு நாளாவது மேல ஏறி உக்காந்து சாப்பிடப்போறோம்னு நினைச்சு வந்திருப்பீங்க. அதுலயும் நான் மண்ணைப் போட்டேனே. உங்க பால், உங்க வெண்ணெய், உங்க முட்டை, எல்லாத்தையும் நானே என் வாயால...

சரி. அழாதீங்க. அழலையா? கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு.

கேளுங்க, நாம ஒரு உடன்படிக்கை பண்ணிக்குவோம். அன்னிக்குச் சாப்பாடு ஏன் அப்படி வந்துச்சுன்னு உங்க வீட்டம்மாவுக்கு நீங்க சொல்ல வேண்டாம். உங்களுக்கு அது பிடிக்கலைங்கறதை நானும் சொல்லல. டேபிளை நான் பிடிச்சுத் தர்றேன், அந்தப் பொண்ணு எனக்கு இல்லேன்னு சொல்லாது. என்னென்ன சேராதுன்னு அதே பாட்டை மறுபடியும் ஒப்பிக்கறேன். எல்லாரும் உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு சாப்பிடுவோம், ரசிக்கிற மாதிரியே இருக்கும்.

ம்? இன்னும் என்ன?

... கல்யாணத்துக்கா?

கல்யாணச் சாப்பாடும் அங்கேர்ந்தேவா?! அத்தனை பேருக்குமா? என் தங்கச்சி வருவா, நாத்தனார் வருவா, மகனோட ஆபீஸே வரும்... அத்தனை பேருக்கும் மௌனத்துல வெந்ததா? உங்க வீட்டம்மா முடிவே பண்ணிட்டாங்களா?

இருங்க. ஒரு நிமிஷம் இருங்க சம்பந்தி. கல்யாணத்துக்குச் சாப்பாடு அங்கேர்ந்துன்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்கன்னா... கல்யாணம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னுதானே அர்த்தம்?

வாயைத் திறந்து சொல்லுங்க. தலையாட்டினா போதாது. ஆமாவா?

ஆமா!

போதும். பரங்கிக்காயோ, சுரைக்காயோ, வெறும் தண்ணியோ, போட்டதை வாயைப் பொத்திக்கிட்டுச் சாப்பிடச் சொல்றேன் எல்லாரையும். நாத்தனார் ஏதாவது சொன்னா அவ தலைச் சாயத்தை நான் பாத்துக்கறேன்.

குட்டி! ஏய் குட்டி! கதவைத் திற! காதுல இருக்கறதைப் பிடுங்கிப் போட்டுட்டு வெளிய வா! மூஞ்சியைக் கழுவு, நல்ல சட்டையா ஒண்ணு மாத்து. கீழ கார்ல உன் மாமியார் உக்காந்திருக்காங்க. ஆமாண்டி, மாமியார்தான்! போயி கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டு வா. ஓடாதே, ஓடாதே! லிஃப்ட்ல வராதே, படியிலேயே வா. வழியெல்லாம் நின்னு நின்னு பேசிக்கிட்டு வா, உடம்புக்கு எது நல்லது எது கெட்டதுன்னு கேளு, நல்லா விளக்கமா சொல்வாங்க... மெதுவா!

சம்பந்தி, உங்க வீட்டம்மா வர்றதுக்குள்ள நீங்க இப்படி டேபிள் பக்கம் வந்து உக்காருங்க. கையைக் கழுவியாச்சா?

ஏம்மா மருமகளே! அடுப்பை அணைச்சுட்டு அந்த மீனை எடுத்துட்டு வா! பெரிய துண்டா பாத்து... தட்டெல்லாம் தேடிக்கிட்டு நிக்காதே, வாணலியோடயே கொண்டா! அவங்க முதல் மாடி ஏறிட்டாங்க, பேச்சுக் குரல் கேக்குது, சீக்கிரம் கொண்டா!